இனம், இறப்பு, ஆசை: தென்னாப்பிரிக்க மண்ணிலிருந்து தமிழில் கவிதை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஆசையையும் இறப்பையும் தமிழ்க் கவிதை ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடி வருகிறது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து தமிழில் எழுத முனைபவருக்கும், தமிழகத்திலிருந்தோ ஈழத்திலிருந்தோ வந்து டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் குடியமர்ந்து எழுதுபவருக்கும் மூன்றாவதாக ஒரு பாடுபொருள் தானாகவே வந்து சேர்கிறது. அது இனம். இந்த நாட்டில் ஒருவர் எங்கே வசிக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பவற்றைப் பல பத்தாண்டுகள் தோலின் நிறமே தீர்மானித்தது. எந்த இடுகாட்டில் அடங்குவது என்பதும் அதில் அடங்கும். ஆகவே இங்கே எழுதப்படும் காதல் கவிதையிலும் இரங்கற்பாவிலும் இனம் அழைக்காமலே வந்து நிற்கிறது.

இம்மூன்றையும் தனித்தனித் தலைப்புகளாக எடுத்துக்கொண்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் முழக்கத்திலோ புலம்பலிலோ முடிக்கிறார்கள். மூன்றும் சந்திக்கும் இடம் உடல் என்பதே என் உறுதியான எண்ணம். ஓர் ஆளின் இடது முழங்காலுக்குக் கீழே உள்ள தழும்பைப் பதிவேட்டு எழுத்தர் பார்த்திருப்பார், காதலித்தவர் பார்த்திருப்பார், கடைசியில் உடலைக் குளிப்பாட்டியவர் பார்த்திருப்பார். ஒரே தழும்பின் மேல் விழுந்த இந்த மூன்று பார்வைகளையும் ஒரு கவிதைக்குள் கொண்டுவரும் வழியைத்தான் கீழே படிப்படியாக விளக்குகிறேன். யாப்பிலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிழையின்றி ஒரு தமிழ் வாக்கியம் எழுத வந்தால் போதும்.

முதல் படி: எழுதுவதற்கு முன் மூன்று கவிதைகளைப் படியுங்கள்

குறுந்தொகையின் 40ஆம் பாடலிலிருந்து தொடங்குங்கள். செம்புலப்பெயனீரார் பாடிய அப்பாடலின் முதல் அடிகளில் தலைவன் கேட்பதெல்லாம் பிறப்பைப் பற்றிய கேள்விகள்: உன் தாயும் என் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு, நீயும் நானும் எவ்வழியில் ஒருவரையொருவர் அறிந்தோம்? காதல் பாட்டு என்று மனப்பாடம் செய்த வரிகளைப் பதிவு அலுவலகத்தின் மேசைக்கு முன் நிற்பவராக உங்களை நினைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள். அதே கேள்விகளைத்தான் நிறவெறி அரசின் அலுவலரும் கேட்டார். அவர் ஒரு வகைப்பெயரைப் பெறுவதற்காகக் கேட்டார். சங்கப் புலவரோ கேள்விகளுக்கு விடை சொல்லாமலே விட்டுவிட்டு, செம்மண்ணில் பெய்த மழைநீருக்குப் போகிறார். குலம் பற்றிய கேள்வியை மறுத்துப் பேசாமல், அதை எழுப்பி அப்படியே கடந்துபோகும் இந்த நடையை நன்றாகக் கவனித்து வையுங்கள்.

அடுத்தது புறநானூற்றின் 256ஆம் பாடல். கணவனை இழந்த பெண் ஒருத்தி, ஈமத்தாழி வனையும் குயவனை ‘கலம்செய் கோவே’ என்று விளித்து, தாழியைச் சற்று அகலமாக வனையச் சொல்கிறாள். வண்டியின் ஆரத்தில் ஒட்டிக்கொண்ட சிறிய வெண்பல்லியைப் போல அவனோடு சுரங்கள் பல கடந்து வந்தவள் அவள், அந்தத் தாழியில் அவளுக்கும் இடம் வேண்டும். அன்பு என்ற சொல்லோ துயரம் என்ற சொல்லோ பாட்டில் வருவதில்லை. ஒரு மட்பாண்டத்தின் அகலத்தைப் பற்றிய வேண்டுகோளுக்குள் இறப்பும் ஆசையும் முழுவதுமாக அடங்கிவிடுகின்றன.

மூன்றாவது, இந்த நாட்டுக் கவிதை. ஆப்பிரிக்கான்ஸ் மொழிக் கவிஞர் இங்கிரிட் யோங்கர், 1960இல் கேப் டவுனை அடுத்த நியாங்காவில் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு குழந்தையைப் பற்றி எழுதியது. நெல்சன் மண்டேலா 1994 மே 24 அன்று நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் இதை வாசித்தார். குழந்தை இறக்கவில்லை என்று தொடங்கும் அக்கவிதை லங்கா, ஓர்லாண்டோ, ஷார்ப்வில் என ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. வளர்ந்து பேருருவம் கொண்ட அந்தக் குழந்தை அனுமதிச் சீட்டு இல்லாமல் உலகெங்கும் பயணம் செய்வதில் முடிகிறது. கறுப்பின மக்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த அந்தச் சீட்டு ஒன்றே இனம் பற்றிச் சொல்ல வேண்டிய அனைத்தையும் சொல்லிவிடுகிறது.

இரண்டாம் படி: பதிவேட்டில் ஓர் உடலைத் தேடுங்கள்

இந்தப் படிக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். கவிதையின் பாதி இங்கேதான் கிடைக்கும்.

சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் அமைந்த நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார்கள்; அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஆளுக்கு ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. டர்பனின் ஆவணக் காப்பகத்திலும் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையத்திலும் இவற்றைப் பார்க்கலாம். உங்கள் குடும்பத்தின் எண் தெரிந்தால் அந்த வரியை எடுங்கள். தெரியாவிட்டாலும், நீங்கள் அண்மையில் குடியேறியவராக இருந்தாலும், வட ஆர்க்காட்டிலிருந்தோ செங்கற்பட்டிலிருந்தோ வந்த யாரோ ஒருவரின் வரியைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் கவிதையில் அவருடைய பெயரையும் எண்ணையும் மாற்றிவிடுங்கள், ஏனெனில் அவருடைய வழிவந்தவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கக்கூடும்.

அந்த வரியின் அடையாளக் கட்டத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே மூன்று சிறு பத்திகள் எழுதுங்கள். முதல் பத்தியில், வரிசையில் நிற்பவரின் தழும்பை எழுத்தர் பார்க்கிறார். வெயில், மை, அவசரம், தவறாகக் காதில் விழும் பெயர். இரண்டாம் பத்தியில், அதே தழும்பை ஒரு காதலரின் விரல் தொடுகிறது. கப்பல்களில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவு என்பதையும், தோட்டக் குடியிருப்புகளில் தனிமை என்பது கிடைக்காத பொருள் என்பதையும் மறவாதீர்கள். அந்த வரிசை வீடுகளில் ஆசை எப்போதும் அண்டை வீட்டாரின் காதுக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தது. மூன்றாம் பத்தியில், அந்த உடலைக் குளிப்பாட்டுகிறார்கள். தண்ணீர், மஞ்சள், புதுத்துணி, யார் எந்தப் பக்கம் நின்றார் என்பன மட்டும் போதும்.

மூன்று பத்திகளும் முடிந்தபின் ஒவ்வொன்றிலும் நீங்கள் பயன்படுத்திய உணர்ச்சிப் பெயர்களை அடித்துவிடுங்கள். கொடுமை, ஏக்கம், பாசம், வேதனை முதலிய எதுவும் வேண்டாம். எஞ்சியிருப்பவற்றில் எந்த மூன்று நான்கு செய்கைகள் தம்மளவில் நிற்கின்றன என்று பாருங்கள். அவைதான் உங்கள் மூலப்பொருள்.

மூன்றாம் படி: சட்டத்தின் எழுத்தைத் துல்லியமாக அறியுங்கள்

இனம் பற்றிய கவிதை உண்மைப் பிழையால் கெட்டுப்போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தமிழ்ப் பெண்ணும், இம்மண்ணின் கறுப்பின மக்களான சூலு இனத்து இளைஞனும் மணப்பதைச் சட்டம் தடுத்தது என்று எழுதுகிறார்கள். 1949இன் கலப்பு மணத் தடைச் சட்டம் வெள்ளையர் ஒருவர் வெள்ளையரல்லாதவரை மணப்பதைத் தடுத்தது. 1950இல் திருத்தப்பட்ட ஒழுக்கக்கேட்டுச் சட்டம் அவர்களுக்கிடையே உடலுறவைக் குற்றமாக்கியது. இந்தத் தடைகள் 1985இல்தான் நீக்கப்பட்டன. தமிழருக்கும் சூலு மக்களுக்கும் இடையே சுவராக நின்றவை வேறு. ஒன்று, 1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் தந்த வகைப்பெயர். இன்னொன்று, அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம். இருவரும் ஒரே தெருவில் குடியிருக்க முடியாதபடி செய்தது அதுதான். மூன்றாவதை எழுதத்தான் துணிவு வேண்டும்: நம் வீடுகளுக்குள்ளேயே இருந்த நிறப்பற்றும் சாதிப்பற்றும். சட்டம் செய்யாததை வீட்டுப் பெரியவர்கள் செய்தார்கள் என்றால், கவிதை அதைச் சட்டத்தின் தலையில் கட்டக்கூடாது.

தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனத்தை முடிவு செய்த சோதனையும் இக்காலத்தது. கவிதைக்கு வசதியான படிமம் என்பதாலேயே இதைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் கதையோடு அதற்குத் தொடர்பு இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: நிலத்தையும் பருவத்தையும் இங்கிருந்து எடுங்கள்

அகத்திணை நமக்குக் கற்றுத் தந்த முறை, மனத்தைச் சொல்ல நிலத்தைச் சொல்வது. இந்த முறையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நிலத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். டிராக்கன்ஸ்பர்க் மலையைக் குறிஞ்சி என்றும் கரூ வறள்நிலத்தைப் பாலை என்றும் ஒட்டுப்போடுவது எளிது, ஆனால் அது பயன் தராது. திணை என்பது நிலப்படத்தில் போடும் வண்ணம் இல்லை. ஒரு பருவத்தில், ஒரு பொழுதில், ஒரு வேலைக்கு நடுவே மனம் என்ன செய்கிறது என்பதுதான் திணை.

இங்கே பருவங்கள் தலைகீழ். தை மாதம் கோடையின் உச்சத்தில் வருகிறது, காவடி எடுப்பவர்கள் கொதிக்கும் தார்ச்சாலையில் நடக்கிறார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதம் குளிர்காலம். நேட்டாலின் மழை கோடையில் பெய்கிறது. ஆகவே ‘கார்காலத்தில் திரும்பி வருவேன்’ என்ற பழைய வாக்குறுதி இங்கே டிசம்பர் விடுமுறையில் வந்து விழுகிறது. கரும்பு வெட்டு ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி ஆண்டின் இறுதிவரை நீள்கிறது. வெட்டுவதற்கு முன் சோகையைக் கொளுத்துவார்கள். கரிச்சுருள்கள் காற்றில் வந்து கொடியில் காயும் வெள்ளைத் துணியில் விழும். இதைப் பார்த்த ஒருவர் சிதையைப் பற்றி எழுத வேறு எந்த உவமையையும் தேட வேண்டியதில்லை.

டர்பனின் பெரியா மேட்டிலும் அதைச் சுற்றியும் மண் சிவப்பு. முதல் படியில் படித்த செம்புலம் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. வேம்பு கிடைக்காத இடத்தில் மலைவேம்பின் இலையைப் பயன்படுத்தும் வீடுகளும் உண்டு. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு இங்கே பெருகிவிட்ட மைனாக்கள் ஒவ்வொரு மின்கம்பியிலும் உட்கார்ந்திருக்கின்றன. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, ஒரே ஒரு மணி நேரத்துக்குள் அதைப் பொருத்துங்கள். தாமரையையும் குயிலையும் தற்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: பேசுபவர் யார் என்று முடிவு செய்யுங்கள்

அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. சிறிய சமூகத்தில் வாழ்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. டர்பனில் இந்தியர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ எழுதப்படும் காதல் கவிதையில் ஓர் இனிஷியலைக் கண்டாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே ஆசையைப் பாடும்போது பெயரை நீக்குங்கள். இடத்தின் பெயரை மட்டும் வையுங்கள். ஒருபால் ஆசையை எழுதுபவருக்கும் இந்த மரபு இடம் தருகிறது. தென்னாப்பிரிக்காவில் 2006ஆம் ஆண்டிலேயே ஒருபாலினத் திருமணம் சட்டப்படி ஏற்கப்பட்டது. ஆனால் சட்டம் ஏற்றதைப் பாட்டியின் வீட்டுக் கூடம் ஏற்க இன்னும் காலம் ஆகலாம். அந்த இடைவெளியே நல்ல பாடுபொருள்.

இறப்பைப் பாடுவதற்கு ஒப்பாரியின் குரலைப் பழகுங்கள். ஒப்பாரி இறந்தவரை முன்னால் இருப்பவராகவே வைத்துப் பேசும். புகழும், குறை சொல்லும், விட்டுப் போனதற்காகச் சண்டையும் போடும். வெறும் போற்றுதலாக எழுதப்படும் இரங்கற்பாக்களில் இல்லாத உயிர் அதில் இருக்கிறது. எச்.ஐ.வி. கடுமையாகப் பரவிய குவாசூலு-நேட்டாலில், நோயின் பெயரைச் சொல்லாமலே எத்தனையோ பேரை அடக்கம் செய்தார்கள். ஆசையும் இறப்பும் இவ்வளவு நெருங்கி நின்ற இடத்தில் உபதேசக் குரல் எடுபடாது. ‘ஏன் என்னிடம் சொல்லவில்லை’ என்று கேட்கும் ஒப்பாரிக் குரல் எடுபடும்.

பேசுபவர் எப்போதும் பாதிக்கப்பட்டவராக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு கூறுகிறது. இந்தியர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டதிலிருந்து தொடங்கிய அந்தக் கலவரத்தில் இறந்தவர்களில் அதிகம் பேர் ஆப்பிரிக்கர்கள். 2021 ஜூலையில் நடந்த கலவரத்தின்போது ஃபீனிக்ஸில் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், குற்றம் சாட்டப்பட்டவர்களில் நம் சமூகத்தினரும் இருந்தார்கள். இந்த இரண்டு நிகழ்வுகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்கும் கவிஞர், இனத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் மற்றதையும் அறிந்துகொள்ள வேண்டும். கவிதை தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஆனால் பேசுபவர் எந்தத் தெருவில், எந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசுகிறார் என்பதை மறைக்கக்கூடாது.

ஆறாம் படி: வரைவு எழுதித் திருத்துங்கள்

இப்போது ஒரு கவிதையை எழுதிக் காட்டுகிறேன். பேசுபவர் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்து, இளவயதில் சூலு அண்டை வீட்டுப் பையனை விரும்பி, இப்போது முதுமையில் மருத்துவமனையில் கிடக்கும் தமிழ்ப் பெண். கேட்டோ மேனரின் ஆப்பிரிக்கக் குடும்பங்களில் பெரும்பாலோரை வடக்கே குவாமாஷுவுக்கும், இந்தியக் குடும்பங்கள் பலவற்றைத் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்கும் அரசு அகற்றியது. முதல் வரைவு எல்லோருக்கும் வருவதைப் போலத்தான் வரும்:

இனவெறி எங்களைப் பிரித்தது
மரணம் இன்று என்னை அழைக்கிறது
காதல் மட்டும் சாகவில்லை

மூன்று வரியிலும் எழுவாய் ஒரு கருத்துப்பெயர். இனவெறி, மரணம், காதல் ஆகிய மூன்றும் மேடையில் ஏறி நின்றுகொண்டதால் பெண் எங்கோ மறைந்துவிட்டாள். கருத்துப்பெயர் எழுவாயாக வரும் ஒவ்வொரு வரியையும் மனிதரோ பொருளோ எழுவாயாகும்படி மாற்றுங்கள். இரண்டாம் வரைவு:

கேட்டோ மேனரில் எங்கள் வீட்டை இடித்தவர்கள்
மாமரத்தை விட்டுவிட்டார்கள்.
அவன் ஏறிய லாரி வடக்கே போனது,
நாங்கள் ஏறிய லாரி தெற்கே.
மருத்துவமனையில் செவிலி ஒருத்தி
என் கையில் நரம்பைத் தேடுகிறாள்.
அவள் விரல்கள் அவனுடைய நிறம்.
அவனை நினைத்துக் கண் கலங்குகிறேன்.

இது எவ்வளவோ மேல். ஆனாலும் இரண்டு குறைகள் தெரிகின்றன. இரு லாரிகளும் ஒரே நாளில் எதிரெதிர்த் திசையில் கிளம்பியதாக ஒரு நாடகக் காட்சி உருவாகிறது. குவாமாஷுவுக்கு அகற்றும் வேலை 1950களின் இறுதியில் தொடங்கியது, சாட்ஸ்வொர்த்துக்குப் போனது 1960களில். உண்மையான இடைவெளி நாடகத்தைவிடக் கூடுதலாக வலிக்கிறது, ஏனென்றால் அவன் போன பிறகும் அவள் அந்த மாமரத்தடியில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறாள். இரண்டாவது குறை கடைசி வரி. கண் கலங்குவதைச் சொன்னதும் வாசகருக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போகிறது. அவளுடைய ஆசை ஒரு விருப்பமாக, சின்னச் செய்கையாக வெளிப்பட வேண்டும். மூன்றாம் வரைவு:

அவன் ஏறிய லாரி வடக்கே போனது.
நான்கு மாங்காய்ப் பருவம் கழித்து
எங்கள் லாரி தெற்கே.
வீட்டை இடித்தவர்கள்
மரத்தை விட்டுவிட்டார்கள்.

மருத்துவமனையில் செவிலி ஒருத்தி
என் கையில் நரம்பைத் தேடுகிறாள்.
அவன் நிறத்தில் விரல்கள்.
இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும்.

இனம் என்ற சொல் இல்லை. ஆனால் லாரிகளின் திசையிலும் விரல்களின் நிறத்திலும் இருக்கிறது. இறப்பு, கிடைக்காத நரம்பில் இருக்கிறது. ஆசை கடைசி வரியில் மட்டும், அதுவும் தாமதம் வேண்டும் என்னும் விருப்பமாக வருகிறது. ஈற்றயலடியைக் கவனியுங்கள்: நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்திய அடி முச்சீரால் வரும். இங்கே யாப்பு இல்லையென்றாலும் அந்த அடியை மூன்று சொற்களில் நிறுத்தியிருக்கிறேன். ஓசை அங்கே ஒரு கணம் குறைந்து, இறுதி அடியில் மீள்கிறது. புதுக்கவிதை எழுதுபவரும் இந்தப் பழைய உத்தியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வரைவை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, முதல் வரியையும் கடைசி வரியையும் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். அவை இல்லாமலே கவிதை நின்றால் அவற்றை நீக்கிவிடுங்கள்.

ஏழாம் படி: வாய்விட்டுப் படியுங்கள்

மெல்லப் படித்து, நாக்கு இடறும் இடத்தில் குறியிடுங்கள். கேட்டோ மேனர், குவாமாஷு முதலிய ஊர்ப்பெயர்கள் தமிழ் ஓசைக்குள் இடறினால் வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே அவை இயல்பாக உட்காரும். பெயரையே தமிழ்ப்படுத்த முயல வேண்டாம்.

எட்டாம் படி: யாரிடம் முதலில் கொடுப்பது

கவிதையில் வரும் இறந்தவர் உங்கள் குடும்பத்தவர் என்றால், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அதை வெளியே காட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பிறகு அவருக்கு மிக நெருங்கியவரிடம் முதலில் படித்துக் காட்டுங்கள். அவர் ஒரு வரியை நீக்கச் சொன்னால், அது இறந்தவரின் மானத்தைப் பற்றியதா, குடும்பத்தின் கௌரவத்தைப் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். முன்னதற்கு விட்டுக்கொடுங்கள். பின்னதற்கு விட்டுக்கொடுப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கலப்புக் காதலைக் கவிதையிலிருந்து நீக்கச் சொல்லும் குரல் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

வேறு இனத்தவரின் வாழ்வு கவிதையில் வந்தால் அந்தச் சமூகத்து நண்பர் ஒருவருக்கும் பொருளை விளக்கிச் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். மேலே உள்ள கவிதையில் செவிலிக்குப் பேச்சில்லை. அவள் விரலாக மட்டும் வருகிறாள். அது சரிதானா என்ற கேள்வியை ஒரு சூலு வாசகர் கேட்கக்கூடும், கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு விடையாக அவளுக்கு ஒரு வரி தருவதா, முதியவளின் பார்வை அவ்வளவுதான் என்று விடுவதா என்பதை அந்த உரையாடலுக்குப் பிறகே முடிவு செய்யுங்கள்.

இங்குள்ள இளைஞர் பலருக்குத் தமிழ் காதில் புரியும், எழுத்தில் படிக்க வராது. ஆகவே கவிதையை உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்புங்கள். முதலில் கவிதையை இருமுறை படியுங்கள். ஊர்ப்பெயர்களுக்கும் சட்டங்களுக்குமான விளக்கத்தை அதன் பின் தனியாகச் சொல்லுங்கள். கவிதைக்குள் விளக்கத்தைச் சேர்க்காதீர்கள். கடைசியாக, கவிதையின் அடியில் எழுதிய ஊரையும் ஆண்டையும் குறித்து, மூன்று வரைவுகளையும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள்.